ஒரே கட்டிலா, ரெண்டு கட்டிலா?

பட்டாயா என்று சொன்னாலே நம்ம வகுப்பில் ஒரு சிரிப்பு வரும். அது எதற்கான சிரிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். இந்தப் பதிவு அதைப் பற்றியது அல்ல. அதே ஊருக்கு இரண்டு ஆண்கள், காதலர்களாக, நாலு நாள் போய்த் தங்க வேண்டுமென்றால் ஹோட்டலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி. "இதுக்கெல்லாம் தனியா ஒரு பதிவா?" என்று கேட்கிறவர்களுக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

கேள்வி நியாயமானதுதான். நம்ம ஊர் லாட்ஜில் ரெண்டு பசங்க போய் ரூம் கேட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆதார் ஜெராக்ஸ், ஒரு கையெழுத்து, சாவி. அவ்வளவுதான். கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் போனால்தான் ஆயிரம் விசாரணை. அப்படிப் பார்த்தால் தன்பால் ஈர்ப்பாளர்களுக்கு எல்லா ஹோட்டலும் ஃப்ரெண்ட்லிதானே?

இல்லைங்க. அங்கே ரூம் கிடைப்பது அவர்கள் யார் என்று தெரியாததால். "ஃப்ரெண்ட்ஸா, அண்ணன் தம்பியா?" என்று ரிசப்ஷனில் கேட்டால் ஒரு பொய் தயாராக இருக்க வேண்டும். ரூம் பாய் வருவதற்கு முன்னால், படுக்காத ரெண்டாவது கட்டிலையும் கலைத்து வைக்க வேண்டும். காசு கொடுத்து லீவுக்குப் போன இடத்திலும் நடிக்க வேண்டும் என்றால் அது என்ன லீவு? கண்டுபிடிக்கப்படாமல் இருப்பது வேறு, வரவேற்கப்படுவது வேறு. என் வாதம் முழுக்க இந்த ஒரு வரிதான்.

இனி சட்டத்தைப் பார்ப்போம். ஏனென்றால் தென்கிழக்கு ஆசியா என்று ஒரே மூச்சில் சொல்கிறோமே தவிர, ஊருக்கு ஊர் கதை வேறு. தாய்லாந்தில் 2015ல் பாலினச் சமத்துவச் சட்டம் வந்தது. 2024 ஜூனில் செனட் நிறைவேற்றிய திருமணச் சமத்துவச் சட்டம் 2025 ஜனவரி 23 முதல் நடைமுறைக்கு வந்தது. தென்கிழக்கு ஆசியாவில் அதுதான் முதல் நாடு. முதல் நாளிலேயே 1,800க்கும் மேற்பட்ட ஜோடிகள் பதிவு செய்துகொண்டார்கள். பக்கத்து மலேசியாவிலோ பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன 377 வகையறாச் சட்டம் இன்னும் இருக்கிறது; 20 வருடம் வரை சிறை, கூடவே கசையடி. இந்தோனேசியாவில் 2022 டிசம்பரில் நிறைவேற்றிய புதிய தண்டனைச் சட்டப்படி திருமணத்துக்கு வெளியே உடலுறவே குற்றம். கணவன்/மனைவி, பெற்றோர், பிள்ளைகள் புகார் கொடுத்தால்தான் வழக்கு என்பது ஒரு சின்ன ஆறுதல். லங்காவியிலும் பாலியிலும் பட்டாயாவிலும் கடல் ஒரே நீலம்தான். ஆனால் ரூம் கதவுக்கு வெளியே இருக்கும் சட்டம் ஒன்றல்ல. முதலில் நாட்டைத் தேர்ந்தெடுங்கள், பிறகு ஹோட்டலை.

சரி, நாடு நல்ல நாடு. 'கே ஃப்ரெண்ட்லி' என்று போட்டிருக்கிற ஹோட்டலைப் பார்த்து புக் பண்ணினால் முடிந்ததா? இங்கேதான் நான் படிக்கிற பி.காம் கொஞ்சம் உதவுகிறது :-) 1970ல் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விற்கிறவனுக்கு காரின் லட்சணம் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் ஓட்டை வண்டியும் நல்ல வண்டியும் ஒரே விலையில் நிற்கும் என்பது சாரம். வானவில் கொடியும் அப்படித்தான். ஒரு ஸ்டிக்கர் ஒட்ட என்ன செலவாகும்? நல்ல ஹோட்டலும் ஒட்டும், காசுக்காக மட்டும் வேஷம் போடும் ஹோட்டலும் ஒட்டும். புக்கிங்.காம் 2021ல் 'டிராவல் ப்ரௌட்' என்று விடுதிக்காரர்களுக்கு ஒரு இலவசப் பயிற்சி தொடங்கியது. நல்ல விஷயம், வெறும் ஸ்டிக்கரைவிட மேல். ஆனால் பயிற்சி எடுத்தது மேனேஜராக இருக்கலாம், ராத்திரி ரெண்டு மணிக்கு சாவி கொடுப்பவர் வேறு ஆளாக இருக்கலாம்.

அதனால் ஸ்டிக்கரை விட்டுவிட்டு நாமே சோதித்துப் பார்ப்பதுதான் வழி. என் யோசனைகள்:

1. புக் பண்ணும் முன் ஒரு மெயில் போடுங்கள். "நாங்கள் இருவரும் ஆண்கள், ஜோடி, ஒரே பெரிய கட்டில் வேண்டும்" என்று நேராக எழுதுங்கள். "சரி, உறுதி செய்துவிட்டோம்" என்று வந்தால் நல்லது. "ரெண்டு தனிக் கட்டில் உங்களுக்கு வசதியாக இருக்குமே" என்று வந்தால் அங்கேயே பதில் தெரிந்துவிட்டது. இதற்குச் செலவு பூஜ்யம்.

2. விருந்தாளி விதி என்ன என்று கேளுங்கள். பெயர் பதிவு செய்யாத ஆளை ரூமுக்கு அழைத்துவந்தால் பட்டாயாவில் பல ஹோட்டல்கள் 'ஜாயினர் ஃபீ' என்று தனிக் கட்டணம் வாங்கும். கட்டணம் இருப்பது தப்பில்லை. வருவது ஆண் என்றால் ஒரு விதி, பெண் என்றால் ஒரு விதி என்று இருந்தால்தான் தப்பு. வருகிறவரின் அடையாள அட்டையை ரிசப்ஷனில் வாங்கி வைத்தால் கோபப்படாதீர்கள், அது உங்கள் பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான்.

3. பாஸ்போர்ட்டைப் பிரதி எடுக்கிறார்களே என்று பயப்படாதீர்கள். வெளிநாட்டவர் யார் வந்து தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது தாய்லாந்துச் சட்டம். எல்லோருக்கும் பொது.

4. எந்தப் பக்கம் தங்குவது என்று யோசியுங்கள். தெற்குப் பட்டாயாவில் பாய்ஸ்டவுன். பிரதம்னாக் குன்றுக்கு அந்தப் பக்கம் ஜோம்தியன் காம்ப்ளெக்ஸ், டோங்தான் கடற்கரை. கடலும் அமைதியும் வேண்டுமென்றால் ஜோம்தியன் பக்கம். சாங்த்தேவ் (நம்ம ஷேர் ஆட்டோவுக்குப் பெரியண்ணன்) பிடித்தால் போய் வரலாம்.

5. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களின் தேதியைப் பாருங்கள். கொரோனாவில் அங்கே எத்தனையோ பார்களும் விடுதிகளும் மூடிவிட்டன. 2020க்கு முன் எழுதியதை வரலாறாக மட்டும் படிக்கவும்.

'கே மட்டும்' என்று இருக்கும் விடுதிகள் வேண்டாமா என்றால், வேண்டும். சிலருக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மூச்சு விடும் இடமாக அது இருக்கலாம். ஆனால் எல்லா ஹோட்டலும் ஒழுங்காக நடந்துகொண்டால், அங்கே போவது விருப்பமாக இருக்கும், கட்டாயமாக இருக்காது. அதே ரூமுக்கு, அதே கட்டிலுக்கு, மரியாதை தருகிறோம் என்று கூடுதலாக பில் போட்டால் அதை நான் ஏற்கமாட்டேன்.

தாய்லாந்தைச் சொர்க்கம் என்றும் நான் சொல்லவில்லை. பட்டாயாவில் டிஃபனீஸ் ஷோ 1974லிருந்து நடக்கிறது. நம்ம ஆட்கள் டூர் பஸ்ஸில் போய் அங்கே ஆடும் திருநங்கையரைக் கைதட்டிப் பார்த்து, வெளியே வந்து போட்டோவும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒருவர் சட்டப்படி தன் பாலினத்தை மாற்றிக்கொள்ள வழிசெய்யும் மசோதாவை 2024 பிப்ரவரியில் அந்த ஊர் நாடாளுமன்றம் தள்ளுபடி செய்தது. மேடையில் ரசிப்பதும் வாழ்க்கையில் ஏற்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

நம்ம நாட்டில் 2018 செப்டம்பர் 6ல் உச்ச நீதிமன்றம் இதைக் குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. திருமண உரிமையை 2023 அக்டோபரில் மறுத்துவிட்டது. நீதிமன்றம், நாடாளுமன்றம் எல்லாம் நம் கையில் இல்லை. ஆனால் நம் வகுப்பிலிருந்து நாளைக்கு யாரோ ஒருவர் ஹோட்டல் நடத்தப் போகிறோம், யாரோ ஒருவர் டிராவல்ஸ் வைக்கப் போகிறோம், குறைந்தபட்சம் ஒரு ஹோட்டலுக்கு ஆடிட் போகப் போகிறோம். அன்றைக்கு ரெண்டு பேர் வந்து தயங்கித் தயங்கி ஒரே கட்டில் கேட்டால், சாவியை எடுத்துக் கொடுத்து "காலை டிஃபன் ஏழரை மணிக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். போதும்.