அளவறிந்து முதலிடுவோம்

ஹெவ்லொக் டவுனிலும் அயலிலும் வாழும் எம் பழைய மாணவரிற் பலர், ஓய்வுகாலச் சேமிப்பின் ஒரு பகுதியைப் பங்குகளில் இடுகின்றனர். எத்துணைப் பகுதியை இடுவது என்பதை அயலார் சொற்கு விடாது, அளவைகொண்டு துணிதல் வேண்டும் என்பது எமது கருத்து.

அளவைகளுள் முதன்மையானது விலை உழைப்பு விகிதம். பங்கின் விலை 100 ரூபா, ஆண்டு உழைப்பு 20 ரூபா எனின் விகிதம் 5. முதலுக்கு உழைப்பு 20 வீதம். இது மலிவெனத் தோன்றும். ஆயின், 2022ஆம் ஆண்டிலே திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 வீதத்தையும் கடந்தது. அதனோடு ஒப்பிடின் மலிவு எங்கே? அன்றியும், விகிதத்தில் அமைவது கழிந்த ஆண்டின் உழைப்பு. ரூபாவின் வீழ்ச்சியால் ஏற்றுமதி நிறுவனங்கள் பெற்ற பேருழைப்பு நிலைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

சுட்டெண்ணும் தனித்து நோக்கின் மயக்கும். 2022 சனவரியில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000ஐக் கடந்தது. ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்தலை இடைநிறுத்தியது. கொழும்புப் பங்குச் சந்தையும் ஐந்து நாள் மூடப்பட்டது. அன்று அச்சத்தால் முற்றாக விற்று நீங்கினோர், 2024 இறுதியில் உண்டியல் வட்டி 10 வீதத்திற்குக் கீழிறங்கச் சுட்டெண் 15,000ஐத் தாண்டியதைப் புறத்தே நின்று கண்டனர்.

ஆகவே, விகிதத்தைப் பஞ்சாங்கம்போற் கொண்டு வாங்குநாள் விற்குநாள் பார்த்தல் வேண்டா. ஆண்டுக்கொருமுறை அதனை வட்டியோடு ஒப்பிட்டு, பங்குக்குரிய பகுதியைச் சிறிது கூட்டியோ குறைத்தோ அமைத்தல் சாலும். மகளின் திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் விரைவில் வேண்டிய பணத்தை அப்பகுதியிற் சேர்த்தலாகாது. கல்லூரியிற் கணக்குக் கற்றோர்க்கு இவ்வகுத்தல் எளிது. ஆசையையும் அச்சத்தையும் அடக்குதலே அரிது.