செய்மதி யாருக்கு?

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆந் திகதி இந்தியாவின் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பிரதேசத்தை அடுத்து மெல்ல இறங்கிற்று. வேறெந்த நாட்டின் கலமும் அதற்குமுன் அப்பகுதியிற் பத்திரமாக இறங்கியதில்லை. அவ்வெற்றியில் நாமும் மகிழ்ந்தோம். அந்நியராட்சியில் நெடுங்காலம் நசுங்கிக் கிடந்த ஒரு தேசத்தின் விஞ்ஞானிகளும் தொழிலாளரும் ஈட்டிய சாதனை அது. அதனை இகழ்வது நம் நோக்கமன்று. ஆயினும், கரகோஷம் ஓய்ந்த பின்னர் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது: விண்வெளி விஞ்ஞானம் யாருக்காக?

இக்கேள்விக்கு இருசாரார் இரண்டு தவறான விடைகளைக் கூறி வருகின்றனர். பசித்த வயிறுகள் நிறைந்த நாட்டுக்கு ரொக்கட் எதற்கு என்பர் ஒருசாரார். மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது மனிதாபிமானம் மிக்க வாதமாகத் தோன்றும். ஆனால் அதன் உட்பொருள் யாது? உயர்ந்த விஞ்ஞானம் செல்வந்த நாடுகளின் பிதுரார்ஜிதம். ஏழை நாடுகள் அதனை விலைகொடுத்து வாங்கிப் பிழைக்கவேண்டும் என்பதே. மறுசாராரோ, தேசத்தின் பெருமை ஒன்றே போதும், பயன் யாதெனக் கேட்பவன் துரோகி என்பர். ஒருவரையொருவர் எதிர்ப்பதுபோலத் தோன்றும் இவ்விருசாராரும் ஒரு விஷயத்தில் உடன்பட்டவர்கள். சாதாரண மனிதனை விஞ்ஞானத்தின் சொந்தக்காரனாக இருவருமே கருதுவதில்லை.

இத்திட்டம் பிறந்த இடத்தை நினைவுகூர்வோம். திருவனந்தபுரத்துக்கு அருகேயுள்ள தும்பா ஒரு மீனவக் கிராமம். பூமியின் காந்த மத்தியகோடு அண்மையிற் செல்வதால் மேல்வளிமண்டல ஆராய்ச்சிக்கு அது உகந்த இடமாயிற்று. அம்மக்கள் தம் நிலத்தை விட்டுக்கொடுத்தனர். அவர்கள் வழிபட்ட மகதலேனா மரியாள் தேவாலயமே ஆராய்ச்சியாளரின் முதல் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21ஆந் திகதி அங்கிருந்து முதல் ரொக்கட் எழுந்தது. திட்டத்தின் தந்தையான விக்ரம் சாராபாய், செல்வந்த நாடுகளோடு நிலவுக்குப் போட்டியிடும் கனவு தமக்கில்லை என்றார். மனிதனதும் சமுதாயத்தினதும் மெய்யான பிரச்சினைகளுக்கு உயர்ந்த தொழில்நுட்பத்தைப் பிரயோகிப்பதில் தம் நாடு எவர்க்கும் பின்நிற்றலாகாது என்றும் வற்புறுத்தினார்.

அவ்வாக்கு ஓராண்டேனும் மெய்யாயிற்று. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, ஐக்கிய அமெரிக்காவிடம் இரவல் பெற்ற செய்மதியொன்றின் மூலம், ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு விவசாயம், சுகாதாரம், கல்வி ஆகியன பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் சென்றடைந்தன. பெட்டி எவனுடைய வீட்டிலும் இருக்கவில்லை. ஊரார் கூடும் பொதுவிடத்தில் இருந்தது. ஓராண்டு முடிந்தது, இரவல் கொடுத்தவர் செய்மதியைத் திருப்பி எடுத்துக்கொண்டனர். 1983இல் இன்சாட்-1பி செயற்படத் தொடங்கியதும் இந்தியாவுக்குச் சொந்தச் செய்மதியின் சேவை கிட்டிற்று. தொலைக்காட்சி நாடெங்கும் பரவிற்று. ஆனால் கிராமத்தை நோக்கியிருந்த முகம் மெல்ல மெல்ல விளம்பரதாரனை நோக்கித் திரும்பிற்று. கருவி வளர்ந்தது, நோக்கம் குறுகிற்று.

செய்மதியால் மக்களுக்குப் பயனே இல்லை என்று நாம் கூறவில்லை. அப்பயன் எங்கிருந்து பிறக்கிறது என்பதே நம் வினா. ஒரிசாவின் கரை இதற்கு விடை தருகிறது. 1999 அக்டோபரில் அக்கரையைப் பெருஞ்சூறாவளி தாக்கியபோது வானிற் செய்மதிகள் இருந்தன. புயல் வருவதை அவை கண்டன. எனினும் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் பைலின் என்னும் கடும் புயல் அதே மாநிலத்தைத் தாக்கிற்று. இம்முறை ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். உயிரிழந்தோர் தொகை 50ஐ எட்டவில்லை. இடைக்காலத்திற் செய்மதிகளும் கணிப்பும் திருந்தியது உண்மையே. ஆனால் அவை மட்டுமா மக்களைக் காத்தன? கரையோரத்தில் எழுந்த புகலிடங்களும், பயிற்சி பெற்ற தொண்டர்களும், வீடுவீடாகச் சென்ற ஊழியருமன்றோ காத்தனர்! வானத்துக் கண் காணும். மனிதனைக் கைபிடித்து அழைத்து வருவது சமுதாயம்.

அந்தக் கை நீளாதவிடத்து யாது நேரும் என்பதை 2017 நவம்பர் காட்டிற்று. நம் நாட்டின் தென்மேற்குக் கரையையும் வருத்திய ஒக்கிப் புயல் குமரிக் கடலிற் சீறி எழுந்தது. சூறாவளி என்ற அறிவிப்பு 30ஆந் திகதி வெளியானபோது, பலநாள் தங்கித் தொழில் செய்யும் படகுகள் ஆழ்கடலில் இருந்தன. அங்கே கைத்தொலைபேசி பேசாது. தென்கேரளத்தையும் கன்னியாகுமரியையும் சேர்ந்த 300க்கு மேற்பட்ட கடற்றொழிலாளர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். செய்மதி புயலைக் கண்டது; புயலின் வாயிலிருந்தவனுக்கு அச்செய்தி எட்டவில்லை.

ரொக்கட்டுக்காகத் தன் நிலத்தையும் கோயிலையும் ஈந்த அதே கரையோரச் சமூகமே இவ்வாறு பலியாயிற்று! ஆழ்கடலில் எச்சரிக்கையைப் பெறும் கருவியொன்று 2019இல் அறிமுகமாயிற்று. அது கேட்கும், பேசாது. கரையோடு இருவழியும் செய்தி பரிமாறும் கருவியை ஓர் இலட்சம் படகுகளுக்கு வழங்கும் திட்டம் 2024 ஆகஸ்டிலேயே ஆரம்பிக்கப்பட்டது. தும்பாவின் முதல் ரொக்கட்டுக்கும் இதற்கும் இடையே கழிந்தவை ஏறத்தாழ 61 ஆண்டுகள். சந்திரனை எட்டிய கை, கரைக்கு அப்பாலுள்ள படகை எட்ட ஏன் இத்தனை காலம்? தூரத்தால் வந்த தாமதமன்று இது. முதன்மை யாருக்கு என்ற தீர்மானத்தால் வந்த தாமதம்.

பயன் எட்டுமிடத்திலும் அது சமமாக எட்டுவதில்லை. கடல்நீரின் வெப்பத்தையும் நிறத்தையும் செய்மதி கொண்டு அளந்து, மீன் திரளும் இடங்களை அரசாங்க நிறுவனம் அறிவிக்கிறது. அறிவிப்பு எல்லோருக்கும் பொது. ஆனால் பெரிய இயந்திரமும் எரிபொருளுக்குப் பணமும் உடையவனே அங்கு முந்திச் செல்கிறான். கட்டுமரக்காரனுக்கு அது எட்டாத கனி. இந்நிலையில், 2020 முதல் விண்வெளித்துறை தனியார் முதலுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது; 2024இல் அந்நிய முதலீட்டு விதிகளும் தளர்த்தப்பட்டன. பொதுமக்களின் பணத்தில் அறுபதாண்டு வளர்ந்த மரத்தின் கனியைப் பறிக்க இலாபவேட்டைக்காரர் கூடையோடு வருகின்றனர். மழையையும் பயிரையும் கடலையும் பற்றிய அறிவு நாளை விலைச்சரக்காகுமாயின், அதனை வாங்கவியலாத உழவனும் மீனவனும் எங்கே போவர்?

இது அயலாரின் விவகாரமன்று. 2017 மே 5ஆந் திகதி இந்தியா ஏவிய தெற்காசியச் செய்மதி, இலங்கை உட்பட அண்டை நாடுகளுக்கும் பயன்படவென அனுப்பப்பட்டது. கடலும் ஒன்று, புயலும் ஒன்று. ஆகவே நம் வகுப்பறைகளில் ரொக்கட்டின் வேகத்தையும் சுற்றுப்பாதையையும் கற்பிக்கும் ஆசிரியர், அதனோடு மற்றொரு கணக்கையும் கற்பித்தல் வேண்டும். எச்சரிக்கை எத்தனை படகுகளை எட்டிற்று? எத்தனை குடில்கள் காலி செய்யப்பட்டன? எத்தனை பேர் உயிரோடு கரை சேர்ந்தனர்? ஒரு தேசத்தின் விண்வெளி வெற்றியை இவ்வெண்களாலேயே நாம் அளப்போம். ஏனைய அளவுகோல்களை ஆளும் கூட்டத்தார் தம் மேடைகளில் வைத்துக்கொள்ளட்டும்!