வலப்பக்கம் போகிற கப்பல்

 

தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, இந்த 65 வயதில் கடற்கரை வீடு வாய்த்திருக்கிறது. போர்ட்டிக்சனில் மகள் வீடு. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் மலாக்கா நீரிணை. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிறது. காயப்போட்ட துணி பிசுபிசுக்கிறது. முறுக்கு இரண்டே நாளில் நமத்துப் போகிறது. ஆனாலும் குறை சொல்ல மனம் வரவில்லை. கப்பல்கள்தான் காரணம்.

கப்பலுக்கும் சாலை விதி உண்டு, தெரியுமா? நம் சடக்கில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். கடலில் வலப்பக்கம். அதனால் நம் கரையோரம் போகிறவை எல்லாம் நமக்கு வலக்கைப் பக்கமாக, கிள்ளான், பினாங்கு திசையில் போகும். சுமத்ராவை ஒட்டித் தூரத்தில் போகிறவை இடக்கைப் பக்கமாகச் சிங்கப்பூரை நோக்கிப் போகும். சரக்கு நிறைந்த கப்பல் நீரில் அமிழ்ந்திருக்கும். வெறுங்கப்பல் உயர்ந்து நிற்கும். இதையெல்லாம் காட்டிக் காட்டியே பேரனுக்குச் சோறு ஊட்டிவிடுகிறேன்.

என் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார். வயது 88. பின்வாசலில் நாற்காலி போட்டு, நெத்திலி ஆய்ந்துகொண்டே கடலைப் பார்ப்பார். இடப்பக்கம் போகிற கப்பலை ஏறிட்டும் பார்க்கமாட்டார். வலப்பக்கம் போனால் மட்டும் கை நின்றுவிடும். போன மாதம்தான் கேட்டேன்.

"ஏம்மா, அந்தப் பக்கம் போறத மட்டும் பாக்குறீங்க?"

"எங்க அக்கா அந்தப் பக்கந்தானே போச்சு" என்றார்.

எனக்கு அடுப்பில் இருந்த குழம்பே மறந்துபோனது.

1970-இல் எனக்கு வயது பத்து. 1969-க்குப் பிறகு, பிரஜாவுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றாகிவிட்டது. பெரியப்பா கையில் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. மனுப் போடப் போனால் ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவர். அந்தக் காலத்தில் நாடு விட்டுப் போன தோட்டத் தொழிலாளர் சுமார் 60,000 பேர் என்பார்கள். எங்கள் லயத்திலும் வீடுகள் காலியாயின. பெரியம்மா குடும்பம் போர்ட் சுவெட்டன்ஹாமில், இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், ரஜூலா கப்பல் ஏறியது. வழியனுப்ப அம்மா போகவில்லை. அன்றைக்கும் பெரட்டு உண்டு, பால்மரம் காத்திருக்காது. பெரியம்மா விட்டுப்போன அம்மிக்கல் மட்டும் இன்னும் எங்களிடம் இருக்கிறது.

நாலைந்து கடிதம் வந்தது. பிறகு நின்றது. ரஜூலா ஓய்ந்து, 'சிதம்பரம்' கப்பல் ஓடிய காலத்தில், ஒரு நடை போய்ப் பார்த்துவரலாம் என்று அம்மா சீட்டுக் கட்டினார். 1985-இல் அந்தக் கப்பலில் தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள். அதோடு அந்தப் போக்குவரத்தும் நின்றது. அந்தச் சீட்டுப் பணத்தில்தான் என் கல்யாணம் நடந்தது. பணம் எதற்காகச் சேர்ந்தது என்று இந்த வயது வரை நான் கேட்டதே இல்லை.

சகோதரிகளே, அன்று இரவே பெரியம்மா போன ஊர், தாலுகா, பிள்ளைகளின் பெயர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டேன். கடிதமும் போட்டாயிற்று. பெரியம்மா இருக்கிறாரோ இல்லையோ, பிள்ளைகளாவது இருப்பார்கள்.

உங்கள் வீட்டிலும் வாய்திறக்காத ஒரு பெரியவர் இருப்பார். இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். பிறப்புப் பத்திரத்தையும் அடையாளக் கார்டையும் எடுத்துப் பாருங்கள். சிவப்புக் கார்டோடு யாராவது இருந்தால், ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும், மனுப் போட அழைத்துப் போங்கள். பெரியப்பா மிச்சம் பிடித்த ஒரு நாள் சம்பளத்துக்கு அம்மா ஐம்பது வருஷத்துக்கும் மேலாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பதில் வந்தால் உங்களுக்கும் சொல்கிறேன். அதுவரை வணக்கம்.