கை பழகினால் போதுமா?

உங்கள் பெண் காலண்டரைப் பார்த்துப் படம் போடுகிறாளா? கெட்டிக்காரிதான். ஆனால் காலண்டர் லக்ஷ்மியை நூறு தடவை போட்டாலும் கை பழகுமே தவிர, கண் பழகாது.

நாமக்கல்லில் 1919-ல் பிறந்த ஸ்ரீனிவாசன் என்ற ஓவியருக்குச் 'சில்பி' என்று பெயர் சூட்டியவர் மாலி. ஆனந்த விகடனின் 'தென்னாட்டுச் செல்வங்கள்' பகுதிக்காகச் சில்பி கோயில் கோயிலாகப் போனார். சிலைக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தார்.

செட்டியார்பட்டிச் சகோதரிகளே, உங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் தூரம்தானே! ஆண்டாளைச் சேவிக்கப் போகும்போது பெண்ணையும் அழைத்துப் போங்கள். நோட்டும் பென்சிலும் போதும்; ரப்பர் வேண்டாம். பதினொரு நிலைக் கோபுரம் முழுவதையும் போடச் சொன்னால் குழந்தை திணறிப் போவாள். ஒரே ஒரு நிலை; அதில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துப் போடட்டும். வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறாரா? பால்கோவா வாங்கிவர அனுப்பிவிடுங்கள்!