விலகுவோர் ஒப்புவிக்கவேண்டிய கணக்கு

சட்டசபைத் தேர்தல் சமீபிக்கிறதென்ற பேச்சு எழுந்தவுடனே, அருப்புக்கோட்டைக் கடைவீதியிலும் திருச்சுழி பஸ் நிலையத்திலும் ஒரு கேள்வி தவறாமல் பிறந்துவிடுகிறது. இருக்கிற அங்கத்தினர் மறுபடியும் நிற்பாரா, ஓய்வு பெறுவாரா, வேறு தொகுதியை நாடிப் போவாரா என்பதே அக்கேள்வி. இதற்கு விடையாகக் கிளம்பும் ஹேஷ்யங்களுக்கோ அளவில்லை. ஒருவருக்கு வயதாகிவிட்டது என்பார் சிலர். மகனுக்கு இடம் தேடுகிறார் என்பார் வேறு சிலர். தலைமையின் தயவு குறைந்துவிட்டது என்று காதோடு காதாகச் சொல்வாரும் உளர். ஜனங்கள் இவ்வாறு பேசுவதை நாம் குறை கூறவில்லை. தங்கள் பிரதிநிதி யாரென்பதில் அவர்களுக்கு அக்கறை இருப்பது ஜனநாயகத்திற்கு நல்ல அடையாளமே. ஆனால், போகிறவர் யார் என்று கேட்கிற நாம், போகிறவர் எதை ஒப்படைத்துவிட்டுப் போகிறார் என்று கேட்பதில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

இந்த வறண்ட சீமைக்கு இது புதிய அநுபவமன்று. 1977-இல் அருப்புக்கோட்டை வாக்காளர் எம்.ஜி.ஆரைத் தேர்ந்தெடுத்தனர், அவர் முதன்மந்திரியானார். ராஜ்யத்தின் முதல் ஸ்தானம் வானம் பார்த்த பூமியின் பிரதிநிதிக்குக் கிடைத்ததென்று ஊரே பெருமிதம் கொண்டது. 1980 பிப்ரவரியில் அம்மந்திரிசபை கலைக்கப்பட்டது. அவ்வருஷம் நடந்த தேர்தலில் அவர் மதுரை மேற்குத் தொகுதியில் நின்று வென்றார். எங்கே நிற்பதென்பது அவரது உரிமை. அதில் சட்டத்திற்கு மாறானது எதுவுமில்லை. அதன் பின்னரும் தொகுதி மாற்றங்கள் நிகழாமலில்லை. அருப்புக்கோட்டையில் 2006-இல் வென்ற தங்கம் தென்னரசு, தொகுதி மறுவரையறைக்குப்பின் 2011, 2016, 2021 ஆகிய மூன்று தேர்தல்களிலும் திருச்சுழியில் வென்றார். 1977-லேயே சாத்தூரிலிருந்து சபைக்குச் சென்ற கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், 2016-லும் 2021-லும் அருப்புக்கோட்டையில் வெற்றி பெற்றார். 2021-இல் அமைந்த மந்திரிசபையில் இவ்விருவரும் இடம்பெற்றனர். ஒருவருக்கு வருவாய் இலாகாவும், மற்றவருக்கு முதலில் தொழில் இலாகாவும் 2023 மே மாதத்தில் நிதி இலாகாவும் கிடைத்தன. இவர்களில் எவர்மீதும் குற்றம் சாட்டுவது நமது நோக்கமன்று. ஆட்கள் வருவதும் போவதும் இயல்பு. தொகுதியின் காரியங்கள் அவர்களோடு வந்து போகக்கூடாதென்பதே நமது கவலை.

சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்கிறது? சட்டசபைக்கு நிற்க 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். மேல் வரம்பு ஏதுமில்லை. 2002-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பயனாக, நிற்கிற அபேட்சகர் தமது சொத்து, கடன், வழக்கு, கல்வி இவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார். இது பெரிய நன்மையே. ஆனால் அப்பத்திரத்தில் அவரது சொந்தச் சொத்தின் கணக்குத்தான் இருக்கிறது. அவர் கையில் ஒப்புவிக்கப்பட்டிருந்த பொதுக்காரியங்களின் கணக்கு இல்லை. நில்லாமல் விலகுகிறவரோ எந்தக் கணக்கும் எவருக்கும் கொடுக்கவேண்டியதில்லை. ஐந்து வருஷம் ஒரு தொகுதியின் குரலாக இருந்தவர், ஒரு காகிதம்கூட எழுதி வைக்காமல் போய்விடலாம்!

இதனால் விளையும் தீங்கைக் குண்டாற்றின் கரையில் நின்று பார்ப்போருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. மாயனூரில் காவிரியைத் தொட்டு, வைகையைக் கடந்து, குண்டாற்றில் முடிவதாக 262 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் ஒன்று திட்டமிடப்பட்டது. 14,400 கோடி ரூபாய் மதிப்புள்ள அவ்வேலைக்கு 2021 பிப்ரவரி 21-ஆம் தேதி அஸ்திவாரம் போடப்பட்டது. மூன்று மாதத்திற்குள் சபையும் மாறிற்று, சர்க்காரும் மாறிற்று. மூன்று பகுதிகளாக வகுக்கப்பட்ட இக்கால்வாயில் வைகைக்கும் குண்டாற்றுக்கும் இடைப்பட்டது கடைசிப் பகுதி. தலைமடைக்காரன் பொறுத்திருந்தாலும் நீர் வந்துசேரும். கடைமடைக்காரன் கண்ணயர்ந்தாலோ அவன் பங்கு போய்விடும். ஒரே சபையின் ஆயுளில் முடியாத இத்தகைய வேலையை, ஒரு பிரதிநிதி விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடராவிட்டால், கடைமடையின் கதி என்ன? கண்மாய் மராமத்து, சீமைக்கருவேல் ஒழிப்பு, கைத்தறி நெசவாளரின் கூலி, கிராமங்களுக்குக் குடிநீர் ஆகிய யாவும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

நம் கிராமங்களில் கண்மாய்த் தண்ணீரைப் பங்கிடும் நீர்பாய்ச்சி, தன் வேலையை இன்னொருவரிடம் விடும்போது என்ன செய்வான்? எந்த மடை பழுது, எந்தக் கலுங்கு கசிகிறது, எந்த வயலுக்கு முறை பாக்கி என்று சொல்லிவிட்டல்லவா மண்வெட்டியைக் கொடுப்பான்! நீர்பாய்ச்சிக்கு உள்ள இந்த நியாயம் சட்டசபை அங்கத்தினருக்கு வேண்டாமா?

விலகப்போவதை முன்கூட்டிச் சொன்னால் அதிகாரிகள் மதிக்கமாட்டார்கள், எதிரிகள் துணிவு கொள்வார்கள் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். பிரிட்டனில் 2024 தேர்தலின்போது பொதுச்சபை அங்கத்தினர் 132 பேர் மறுபடி நில்லாமல் விலகினர். முன்னாள் பிரதமர் தெரேசா மே உள்ளிட்ட பலர் தமது தீர்மானத்தைத் தேர்தல் தேதி தெரிவதற்கு முன்பே பகிரங்கமாக அறிவித்துவிட்டனர். அந்நாட்டுக் காரியங்கள் அதனால் நின்றுவிடவில்லை. நம் ஜில்லாவிலேயே இதனினும் பெரிய உதாரணம் உண்டு. விருதுநகரில் பிறந்து சாத்தூரின் பிரதிநிதியாக இருந்த காமராஜர், தாமே முன்வைத்த திட்டத்தின்படி 1963 அக்டோபர் 2-ஆம் தேதி முதன்மந்திரி பதவியைத் துறந்தார்; பக்தவத்சலம் பொறுப்பேற்றார். சொல்லிவிட்டு விலகியதால் காமராஜரின் கௌரவம் வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை.

அபேட்சகரைத் தீர்மானிப்பது கட்சித் தலைமை. கடைசி நாள்வரை அங்கத்தினருக்கே தம் கதி தெரியாதே என்பது மற்றோர் ஆட்சேபம். அது உண்மையே. ஆகையினால்தான், சீட்டுக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கணக்குக் கொடுத்தே ஆகவேண்டுமென்று நாம் சொல்லுகிறோம். கணக்குக் கேட்கும் பாத்தியதை கட்சிக்கு மாத்திரம் உரியதன்று. வாக்களித்தவனுக்கே முதலில் உரியது.

நாம் வேண்டுவது அதிகமன்று. தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பாக ஒவ்வோர் அங்கத்தினரும் தொகுதி மேம்பாட்டு நிதி எதற்குச் செலவாயிற்று, முடிந்த வேலை எது, பாதியில் நிற்பது எது, எந்தக் காகிதம் எந்த ஆபீசில் தங்கியிருக்கிறது என்பதைத் தெளிவான தமிழில் அச்சிட்டு, கிராம சபைகளில் படிக்கச் செய்யவேண்டும். புதிதாக நிற்போர், அவற்றில் எதை ஏற்று நடத்துவோம், எதைக் கைவிடுவோம் என்று அதே சபைகளில் சொல்லவேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை; கட்சிகளுக்கு மனமும் வாக்காளருக்கு உறுதியும் இருந்தால் போதும்.

மறுபடி நிற்பாரா என்று கேட்பதை அருப்புக்கோட்டைச் சீமையார் சற்றே நிறுத்திவைக்கட்டும். கணக்கு எங்கே என்று கேட்கட்டும். அக்கேள்விக்கு விடை சொல்பவர் நின்றாலும் நன்று, விலகினாலும் நன்று.