ஏர் பிடிக்க முடியாதாம்!

"அந்த சனங்கதான் வதவதன்னு பெத்துப் போடுது." டவுன்ல இருந்து காடு பார்க்க வர்றவங்க வாயில இந்தப் பேச்சு இன்னமும் வருது.

களை எடுக்க வர்ற காலனிப் பொண்ணுகள்ல பாதிப்பேர் இருபத்தஞ்சு வயசுக்குள்ள ஆபரேசன் முடிச்சவங்க. உங்க வீட்டுப் பொண்ணு டாக்டர்கிட்ட போனா மாத்திரையா, காப்பர்-டியா, ஊசியான்னு கேப்பாங்க. கூலிக்காரிகிட்ட யாரு கேக்கறா? ரெண்டாவது பிரசவத்தோட, படுத்த படுக்கையில ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

2014ல் சத்தீஸ்கர் பிலாஸ்பூர்ல ஒரே முகாம்ல, சில மணி நேரத்துல 83 பெண்களுக்கு ஆபரேசன் பண்ணாங்க. பத்துப் பேருக்கு மேல செத்தாங்க. எல்லாம் ஏழை வீட்டுப் பொண்ணுக.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் ஆபரேசன் செய்துகொண்டவர்கள். புருசன் செய்துகொண்டது 0.1 சதவீதம். இத்தனைக்கும் ஆம்பளைக்கு வயித்தைத் திறக்கிற வேலையே இல்ல. கேட்டா, "பலம் போயிரும், ஏர் பிடிக்க முடியாது"ங்கறாங்க. ஏரை யாரு இப்ப பிடிக்கறா? எல்லாம் டிராக்டர்தான்.

கோயில் திருவிழாவுல ஒண்ணா நிக்காத எங்க ஊர்ச் சாதிக்காரங்க, இந்த ஒரு விசயத்துல மட்டும் ஒத்துமையா நிக்கறாங்க.