டிக்கியில் ஒரு காற்று மெஷின்

புதுக் கார் டெலிவரி எடுக்கும் நாளில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, செல்ஃபியும் எடுத்துவிடுகிறோம். டிக்கியின் விரிப்பைத் தூக்கிப் பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தால் சிலருக்கு அதிர்ச்சி காத்திருக்கும்: ஸ்டெப்னி இருக்காது! டியூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் வசதி, பஞ்சர் ரிப்பேர் கிட் ஆகியவை இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்திவிட்டார்கள். ஸ்டெப்னி இருந்தாலும்தான் என்ன? இரவு பத்து மணிக்கு பைபாஸ் ஓரத்தில் ஜாக்கி போட்டு வீல் மாற்ற நம் வீட்டில் எத்தனை பேரால் முடியும்?

அதனால் கையடக்கமான ஏர் கம்ப்ரஸர் ஒன்று டிக்கியில் கிடப்பது வீண் செலவு இல்லை. ஆனால், கடையில் பலரும் பார்ப்பது தேவையில்லாத எண்ணைத்தான். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் '150 பி.எஸ்.ஐ.' என்று போட்டிருப்பார்கள். நம் காருக்குத் தேவையோ பெரும்பாலும் 30 முதல் 36 பி.எஸ்.ஐ. வரைதான். லாரிக்கா காற்றடிக்கப் போகிறோம்?

பார்க்க வேண்டியது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளும் என்பதை. சிறிய கார் டயருக்குள் சுமார் 25 லிட்டர் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க இறங்கிய டயரை 33 பி.எஸ்.ஐ.க்குக் கொண்டுவர, அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், 55 லிட்டருக்கு மேலான காற்றை உள்ளே திணிக்க வேண்டும். நிமிடத்துக்கு 30 லிட்டர் தள்ளும் மெஷின் இதைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். 10 லிட்டர் தள்ளுவது மூச்சு வாங்கும். அழுத்தம் ஏற ஏற வேகமும் குறையும். கூடவே, ஓய்வு கொடுக்காமல் எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்பதையும் கையேட்டில் பாருங்கள். அதைத் தாண்டினால் மோட்டார் சூடாகிவிடும்.

வயரா, பேட்டரியா? காருக்கு என் ஓட்டு வயருக்கே. 12 வோல்ட் சாக்கெட்டில் செருகினால் போதும், எப்போதும் தயார். பேட்டரி மெஷினை டிக்கியில் போட்டு ஆறு மாதம் மறந்துவிட்டால், தேவைப்படும் நேரத்தில் சார்ஜ் இருக்காது. சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் வேகுவது லித்தியம் பேட்டரிக்கும் ஆகாது. ஆனால் வீட்டில் ஸ்கூட்டரும் பிள்ளைகளின் சைக்கிளும் இருந்தால் பேட்டரி வகைதான் வசதி. மாதம் ஒருமுறை சார்ஜ் போடும் பழக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

வயர் வகை வாங்குகிறீர்களா? சாக்கெட் முன்னால் இருக்கிறது. பின் சக்கரம் வரை வயரும் ஹோஸும் எட்டுமா என்று வீட்டு வாசலிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். சாக்கெட் மூடியில் '120 வாட்' என்று இருந்தால், அதைவிட அதிகம் இழுக்கும் மெஷின் ஃபியூஸைக் காலி செய்துவிடும். ஓட்டும்போது என்ஜின் ஆனில் இருக்கட்டும், ஆனால் மூடிய கராஜுக்குள் வேண்டாம். வைத்த அளவு வந்ததும் தானாக நிற்கும் 'ஆட்டோ கட்' வசதிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். கையில் டார்ச் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்க்கும் வேலை மிச்சம்.

எவ்வளவு அடிப்பது என்பது டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்காது. அங்கே இருப்பது உச்ச அளவு. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுதான் உங்கள் காருக்கானது. காலையில் வண்டி எடுப்பதற்கு முன்பு பாருங்கள். ஓடிச் சூடான டயர் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். காற்று குறைந்த டயர் நெடுஞ்சாலை வேகத்தில் மடங்கி மடங்கிச் சூடேறித்தான் வெடிக்கிறது என்பதால், குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பும் காலையில் இந்தப் பத்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். வாங்கிய முதல் வாரத்திலேயே மெஷின் காட்டும் அளவை பெட்ரோல் பங்க் அளவோடு ஒப்பிட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் ஆணி ஏறியிருப்பது தெரிந்தால், அதைப் பிடுங்காதீர்கள். ஓட்டையைப் பாதி அடைத்துக்கொண்டிருப்பதே அதுதான். காற்றை நிரப்பி, மெதுவாக ஓட்டி, பக்கத்துப் பஞ்சர் கடைக்குப் போய்விடலாம். டயர் கிழிந்திருந்தாலோ, ரிம்மை விட்டுக் கழன்றிருந்தாலோ மெஷினை எடுக்கவே வேண்டாம், போனை எடுங்கள்.